மூச்சில் எதுவும் இல்லை

ஓர் ஆண் பொய் சொன்னால் கலைமதிக்கு அது காதைவிட மூக்கில்தான் முதலில் தெரியும். கெடாரில் அவள் வளர்ந்த வீட்டில் சிறுவயது முதல் அதுவே அவளுடைய வேலையாக இருந்தது. அப்பா துரைக்கண்ணு பொழுது சாயும் நேரத்தில் வந்து வாசற்படியில் உட்காருவார். "வெயில் ஒத்துக்கல, தல வலிக்குது" என்பார். அம்மா சின்னபொண்ணு ஒரு சொம்புத் தண்ணீரை மகளிடம் கொடுத்து அனுப்புவாள். சொம்பைக் கொடுக்கிற சாக்கில் கலைமதி குனிந்து அவர் மூச்சில் சாராய வாடை இருக்கிறதா என்று மோந்துவிட்டுத் திரும்பவேண்டும். அவள் தலையாட்டினால், அவர் பிடுங்கிப்போய் விற்றுவிடாதபடி அம்மா தோட்டைக் கழற்றி மாவுப் பானைக்குள் போட்டுவிடுவாள். ஆட்டாவிட்டால் அன்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

வளர்ந்தபின் விழுப்புரத்தில் தையல் கற்றுக்கொண்டாள். மேல்மலையனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பூவரசன் தீயணைப்புத் துறையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தனியே பேசச் சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "குடிப்பீங்களா?" அவன் இல்லை என்றான். அவள் நம்பவில்லை. மாமாவை அனுப்பி, அவன் வேலை செய்த நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் விசாரிக்கச் சொன்னாள். அங்கேயும் இல்லை என்றே சொன்னார்கள். கல்யாணம் நடந்தது. சங்கவி பிறந்தாள். திண்டிவனத்துக்கு மாற்றலானதும் அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள். கலைமதி இருதயமேரி என்ற பெண்ணுடன் கூட்டாகப் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்தாள். அத்தனை வருடத்தில் பூவரசனிடம் புகை வாடை வந்திருக்கிறது, வியர்வை வாடை வந்திருக்கிறது. சாராய வாடை ஒருநாளும் வந்ததில்லை.

சந்தேகம் தொடங்கியது ஒரு கோடையில். அந்த வருடம் தீ விபத்துகள் அதிகம். வைக்கோல் போர், தென்னை நார் மில், பழைய டயர் கிடங்கு என்று வாரம் தவறாமல் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அப்படி ஒருநாள் வேலை முடிந்து வந்த பூவரசன் வாசலில் பைக்கை நிறுத்தத் தெரியாமல் தடுமாறினான். ஸ்டாண்டு போடாமலே இறங்கிவிட, வண்டி சாய்ந்தது. உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னான்:

"வெயில் ஒத்துக்கல, கலை. தல விண்ணு விண்ணுன்னு இருக்குது."

வார்த்தைக்கு வார்த்தை அப்பாவின் பேச்சு. கலைமதி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குனிந்தாள். சாம்பல் வாடையும் கருகிய நாரின் நெடியும்தான் இருந்தன. அவன் எழுந்துபோய்ப் பின்பக்கம் வாந்தி எடுத்தான். காலையில் ஒன்றுமே நடக்காதவன்போல வேலைக்குக் கிளம்பினான்.

அதன்பிறகு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லா நாளும் அப்படி வருவதில்லை. பெரிய தீயை அணைத்துவிட்டு வருகிற நாளில் மட்டும் கண் சிவந்து, பேச்சு குழறி, சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் குளிக்கும்போது பைக்கின் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சீருடைப் பையைக் கவிழ்த்தாள். பாட்டில் எதுவும் அகப்படவில்லை. கால்சட்டைப் பையில் மட்டும் இருமல் மிட்டாய்கள் இருந்தன. தொண்டை எரிச்சலுக்கு என்றான். வாடையை மறைக்கத்தான் என்று அவள் முடிவு கட்டினாள்.

கடையில் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த இருதயமேரியிடம் ஒருநாள் இதைச் சொன்னாள். தீ அணைந்ததும் கிடங்குக்காரர்கள் இவர்களுக்கு விருந்து வைப்பார்களாக இருக்கும், அதனால்தான் பெரிய தீ விபத்து நாளில் மட்டும் இப்படி என்றாள் மேரி. கலைமதிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. வாடை ஏன் வரவில்லை என்பது மட்டும் இடித்தது. வாடை இல்லாத சரக்கெல்லாம் இப்போது வந்துவிட்டது அக்கா என்று மேரி அதற்கும் ஒரு வழி சொன்னாள்.

பிறகு அப்படி ஒரு தீ விபத்து நாளில் சங்கவியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அவன் மறந்தான். பிள்ளை வாயிற்காவலரோடு நின்று அழுதுகொண்டிருந்தது. கலைமதி போய்க் கூட்டிக்கொண்டு தேடியபோது, அவன் கிடங்கல் ஏரிக்கரையில் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். எங்கே போகக் கிளம்பினோம் என்பதே நினைவில்லாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று வீட்டில் பெரிய சண்டை. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள்.

"மாட்டேன். தப்பு பண்ணவந்தான் சத்தியம் பண்ணணும். நான் இன்னா பண்ணேன்?"

"அப்ப ஏன் இப்படி வர்றீங்க?"

"தெரியல, கலை. எனக்கே தெரியல."

தெரியல என்பதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. தன் உடம்புக்கு என்ன என்று ஒருவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

சில நாள் கழித்து நிலைய அலுவலர் அறிவுச்செல்வன் கடைக்கே வந்தார். மகனுக்குச் சீருடை அளவு கொடுக்க வந்ததாகச் சொன்னார். ஆனால் மகனைக் கூட்டி வரவில்லை. மேரி டீ வாங்கப் போன நேரம் பார்த்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பூவரசன் வீட்டுல எப்படி இருக்கான்? எதனா பழக்கம் கிழக்கம் ஒட்டிக்கிச்சா?"

கலைமதி கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். ஏன் கேட்கிறீர்கள் என்றாள். வேலை நேரத்தில் தள்ளாடுகிறான், சொன்னது புரியாமல் விழிக்கிறான், கூட வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றார். தானும் அருகில் போய் மோந்து பார்த்ததாகவும், ஒன்றும் தெரியவில்லை என்றும் தயங்கியபடி சொன்னார். அவர் போனபின் அவளால் ஒரு தையல்கூட நேராகப் போட முடியவில்லை. வீட்டுக்குள் மட்டும் இருந்த சந்தேகம் நிலையத்திலும் இருந்திருக்கிறது. அப்படியென்றால் அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும்.

மரக்காணம் சாலையில் கழிவுப் பஞ்சு அடைத்துவைத்திருந்த ஒரு குடோனில் தீப்பிடித்தது அதற்கடுத்த வாரம். முற்பகலிலேயே கரும்புகை கடைத்தெரு வரை தெரிந்தது. கலைமதி தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். யார் பாட்டில் கொடுக்கிறார்கள், இவன் எங்கே நின்று குடிக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

குடோனுக்கு எதிரே சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. அதன் கூரை நிழலில் முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தீ எரிந்தவரை எல்லோரும் முகக்கவசம் அணிந்து, முதுகில் காற்று சிலிண்டர் மாட்டியிருந்தார்கள். பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்க ஒரு சிறிய பெட்ரோல் பம்ப் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் நெருப்பு அடங்கியது. கறுப்பாக வந்த புகை வெளுத்து, மெலிந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குறைந்தது.

இனிதான் நடக்கும் என்று கலைமதி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

அறிவுச்செல்வன் பம்பு அருகே நின்றபடி சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் நிறக் கருவி ஒன்றை எடுத்து இயக்கினார். அது கீச்சிட்டு அடங்கியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு குடோன் வாசல்வரை போய் உள்ளே நீட்டிப் பார்த்தார். திரும்பி ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றினார்கள். பூவரசன் கொக்கிக் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பஞ்சுப் பொதிகள் வெளியே அணைந்ததுபோல் இருந்தாலும் நடுவே கனன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் புரட்டி நனைக்கவேண்டும். மற்றவர்கள் வாசலில் குழாயைப் பிடித்து நின்றார்கள். உள்ளே குனிந்து புரட்டிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். எப்போதும் அந்த வேலையை அவனேதான் கேட்டு வாங்குவான் என்று அவளுக்குத் தெரியும்.

அவனுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஒருமுறை வெளியே வந்து குடத்திலிருந்து தண்ணீர் குடித்தான். அந்தத் தண்ணீரைத்தான் மற்றவர்களும் குடித்தார்கள். குடோன்காரர் மோர் கொண்டுவந்தபோதுகூட அவன் உள்ளேயே இருந்தான். நெடுநேரம் கழித்து வெளியே வந்தவன், வண்டியின் படியில் உட்கார்ந்து ஹெல்மெட்டின் பட்டையைக் கழற்ற முயன்றான். விரல்கள் பட்டையைத் தேடின. கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் சிரித்தான். சிரிக்க அங்கே எதுவும் இல்லை. பிறகு அப்படியே முன்பக்கம் சரிந்து மண்ணில் விழுந்தான்.

கலைமதி சாலையைக் கடந்து ஓடினாள். அவனைப் புரட்டி மடியில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் முன்னிலையில், முதல் காரியமாக அவன் வாயருகே குனிந்து மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள்.

மூச்சில் எதுவும் இல்லை. நிமிர்ந்தபோது பூவரசன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸில் அவன் விரலில் ஒரு சிறு கருவியைக் கவ்வவிட்டார்கள். அதில் தொண்ணூற்றொன்பது என்று எண் வந்தது. ஆக்சிஜன் முழுசா இருக்குது, பயப்படாதம்மா என்றார் உடன்வந்தவர். விழுப்புரம் மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் அவன் கண்ணைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், பிறகு கலைமதியைப் பார்த்துக் கேட்டார்: "குடிச்சிருக்காரா?"

நேற்றுவரை இந்தக் கேள்விக்கு அவளிடம் வேறு பதில் இருந்தது.

"இல்ல டாக்டர். காலையிலேர்ந்து நான் கண்ணால பாத்துக்கினே இருந்தேன். தண்ணி மட்டுந்தான் குடிச்சாரு. தீ அணைஞ்ச எடத்துல வேல செஞ்சிக்கினு இருந்தாரு."

மருத்துவர் முகம் மாறியது. மூடிய இடமா, முகக்கவசம் போட்டிருந்தாரா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டார். பதிலை முழுதாகக் கேட்பதற்குள் ஆக்சிஜன் முகமூடியை மாட்டச் சொன்னார். விரல் கருவி தொண்ணூற்றொன்பது காட்டுகிறதே என்றாள் கலைமதி. புகையில் இருந்தவர்களுக்கு அந்த எண்ணை நம்பக்கூடாது, அதற்கு நல்ல வாயுவும் கெட்ட வாயுவும் ஒன்றுபோலத் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாராயத்தின் சுவடே இல்லை. கார்பன் மோனாக்சைடு இருந்தது. கனன்றுகொண்டிருக்கும் பொருளிலிருந்து வருவது. நிறமோ வாடையோ இல்லாதது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் கால்வாசியை அது பிடித்துக்கொண்டிருந்தது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், மறதி எல்லாமே அதனால்தான் என்றார். பார்க்கிறவர்களுக்குக் குடித்ததுபோலத்தான் தெரியும் என்றும் சொன்னார்.

கலைமதி வராந்தாவில் வந்து நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு சந்தேகம் வந்தது. அந்த மஞ்சள் கருவி என்ன சொன்னது?

சற்று நேரத்தில் அறிவுச்செல்வன் வந்தார். மருத்துவரிடம் பேசிவிட்டு வெளியே வந்த அவரை அவள் மடக்கினாள். கருவி பூச்சியம்தான் காட்டியது என்றார். விஷவாயுவைக் கண்டுபிடிப்பதற்கென்றே கொடுத்த கருவி, புதியது, பழுதில்லாதது என்றார். அதைப் பார்த்துத்தான் கவசத்தைக் கழற்றச் சொன்னேன் என்றார்.

"மிஷினு பூச்சியம் காட்டுச்சா? அப்ப என் வூட்டுக்காரர் ரத்தம் பொய் சொல்லுதா, சார்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதுவும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். அவர் போன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கருவியைப் பார்க்கவே இல்லாமல் பார்த்தேன் என்கிறாரா? கருவியே கெட்டுப்போய், அது வெளியே தெரியக்கூடாது என்று மறைக்கிறாரா? கடைக்கு வந்து குடிப்பழக்கம் பற்றி விசாரித்ததுகூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் குடிகாரன் என்று சொல்லித் தப்பிக்க முன்கூட்டியே வழி செய்துகொண்டாரோ என்று தோன்றியது.

மறுநாள் பூவரசனுக்குத் துணையாக அவன் தங்கை பரிமளாவை உட்காரவைத்துவிட்டு, கலைமதி திண்டிவனம் பஸ் ஏறினாள். அறிவுச்செல்வன் கருவியை ஒளிப்பதற்குள் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று நேரே நிலையத்துக்குப் போனாள்.

முற்றத்தில் ஆட்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். நடுவே பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அறிவுச்செல்வன் கையில் மஞ்சள் கருவி இருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் அதை மறைக்கவில்லை.

"வாம்மா. நீயும் பாரு" என்றார்.

ஓடும் பம்பின் புகைக்குழாய்ப் பக்கம் நின்று கருவியை இயக்கினார். அது கீச்சிட்டு அடங்கிப் பூச்சியம் காட்டியது. பம்பின் புகை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோதே பூச்சியம். பிறகு அதை நிறுத்திவிட்டு, முற்றத்தின் மறுகோடிக்கு, வேப்பமரத்துப் பக்கம் காற்றோட்டமாக இருந்த இடத்துக்குப் போய் மறுபடி இயக்கினார். அங்கேயும் பூச்சியம்தான். ஆனால் அப்படியே அதை எடுத்துக்கொண்டு பம்பருகே வந்ததும் எண் சரசரவென்று ஏறி, கருவி காது கிழியக் கத்தத் தொடங்கியது.

மளிகைக் கடைத் தராசில் டப்பாவை வைத்துவிட்டு பட்டனை அழுத்தினால், டப்பாவின் எடையையே பூச்சியம் என்று தராசு எடுத்துக்கொள்ளும் இல்லையா, அதுபோலத்தான் என்று அவர் விளக்கினார். இயக்கும்போது சுற்றிலும் இருக்கிற காற்றைச் சுத்தமான காற்று என்று கருவி நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு தீ விபத்திலும் பம்பருகே நின்றுதான் அதை இயக்கியிருக்கிறார். பம்பின் விஷப்புகையையே நல்ல காற்று என்று அது நம்பியிருக்கிறது. அதனால் குடோனுக்குள் இருந்ததும் அதற்கு நல்ல காற்றாகவே பட்டது. ராத்திரி முழுக்க யோசித்து, இயக்கிய இடத்தை நினைவுபடுத்திக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

"மிஷின் மேல தப்பில்ல. அத நான்தாம்மா தப்பான எடத்துல ஆன் பண்ணிக்கினு இருந்திருக்கேன்."

ஆட்கள் எதிரில் அதைச் சொன்னார். மேலதிகாரிக்கும் காலையிலேயே தெரிவித்துவிட்டதாகச் சொன்னார். கலைமதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சண்டை போட வந்தவள் அவள். எதிராளி சண்டைக்கு இடமே வைக்கவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை.

"எங்கிட்ட வந்து பழக்கம் எதனா இருக்குதான்னு கேட்டீங்களே சார்" என்றாள்.

"கேட்டேன். நீயும் இல்லன்னு சொல்லலயே" என்றார் அவர்.

அந்தப் பதில் பஸ்ஸில் விழுப்புரம் போகும்வரை அவளோடு வந்தது.

பூவரசன் வீடு திரும்பினான். உடம்பு தேறியது. ஆனால் மறதி உடனே போகவில்லை. பேச்சின் நடுவில் சொல் கிடைக்காமல் நிற்பான். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவான். போகப் போகச் சரியாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிலையத்தில் அவனைக் கேலி பேசியவர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவர்களோடு அவன் நன்றாகவே பேசினான். கலைமதியிடம்தான் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான்.

ஒரு மாலை சங்கவி டியூஷனுக்குப் போயிருந்தபோது அவனே ஆரம்பித்தான்.

"நான் கீழ விழுந்தப்ப எழுப்பிப் பாக்கல, தண்ணி தெளிக்கல. நீ மொதல்ல மோந்துதான் பாத்த."

"ஆமாம்" என்றாள் கலைமதி.

"அவ்ளோ பேருக்கு முன்னால."

"ஆமாங்க."

அப்பாவைப் பற்றிச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அதைச் சொன்னால் மன்னிப்பைப் பிடுங்கி வாங்குவதுபோல் ஆகும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள். அவன் எழுந்துபோய், காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தான். அவளும் போய் மறுமுனையிலிருந்து எடுத்தாள்.

பேச்சு திரும்ப நாளாயிற்று. ஒரேயடியாக வரவில்லை. சங்கவியின் பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றி ஒருநாள், சட்டைப் பட்டனைப் பற்றி இன்னொரு நாள் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நிலையத்தில் வழக்கங்கள் மாறின. கருவியைப் புறப்படும் முன்பே திறந்தவெளியில் இயக்குகிறார்கள். பொதி புரட்டி முடியும்வரை முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. இந்த விவரங்களை எல்லாம் கலைமதி அறிவுச்செல்வனிடமே போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் சொன்னது சரிதானா என்று பிறகு இன்னொரு வீரரின் மனைவியிடமும் விசாரித்தாள்.

மழைக்காலத்துக்கு முன் பூவரசன் விழுப்புரம் நிலையத்துக்கு மாற்றலானான். ஒருநாள் மாலை அங்கிருந்து வந்தவன் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். காணை பக்கத்தில் ஒரு பாழுங்கிணறு, மோட்டாரைத் தூக்க இறங்கிய இரண்டு பேர் உள்ளே மயங்கிவிட்டார்கள் என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தான். கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறான். பாதி ஆழத்திலேயே கத்தியிருக்கிறது. சிலிண்டர் மாட்டி, கயிறு கட்டி, இன்னொருவரை மேலே நிறுத்திவிட்டு இறங்க நேரம் பிடித்தது. அதற்குள் ஊர்க்காரர்கள் கூடிக் கத்தியிருக்கிறார்கள். உள்ளே கிடந்த ஒருவரின் அண்ணன் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் பயந்தாங்கொள்ளி என்று திட்டியிருக்கிறார். அவரே இறங்கப் பார்த்தபோது இவன் கட்டிப்பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

"ரெண்டு பேரையும் தூக்குனோம். ஒருத்தரு பொழச்சிக்கினாரு. இன்னொருத்தரு இல்ல" என்றான்.

"திட்டுனவரோட தம்பி?"

"அவருதான் இல்ல."

சீக்கிரம் இறங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று அவன் அவளைக் கேட்கவில்லை. ஆனால் அதைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"அந்த அண்ணன்காரரு எறங்கியிருந்தா மூணாவது ஆளா போயிருப்பாரு" என்றாள்.

அவன் தட்டைப் பார்த்தபடி தலையசைத்தான். கலைமதி இன்னும் கொஞ்சம் சோறு வைத்து ரசம் ஊற்றினாள். அவன் மெதுவாகப் பிசைந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.